கோல்டிங் வீதியைக் கடந்த மாமாவுக்கு

மாமா,

சனிக்கிழமை இக்காஸ்ட் ரயில் நிலையத்தில் இறங்கிய ஒரு ஜப்பானியத் தம்பதி என்னிடம் வழி கேட்டார்கள். யாராவது வழி கேட்டால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். ஊரை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கிற வழியைத்தான் சொல்லிக்கொடுப்பேன். அதற்கென்றுதான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண் தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அதற்குள் நீங்கள் இருந்தீர்கள். வெள்ளைச் சேர்ட், கறுப்புக் கோட், பல்லுத் தெரியாத சிரிப்பு. சட்டத்தின் மேல் மூலைகள் இரண்டிலும் கறுப்பு ரிப்பன். உங்கள் முன்னால் ஒரு பெண் முழந்தாளிட்டு இருந்தாள். அவளுக்குப் பின்னால் யன்னல், யன்னலுக்கு வெளியே செங்கல் சுவர்.

"இந்தச் சுவர் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சுவரைத்தான் கேட்டாள். சுவரைவிட்டு என் கண் உங்களிடம் போய் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு எந்தக் குறும்பும் வரவில்லை. பழைய துணி ஆலைக்கு நேர் வழியில் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் கைபேசியைச் சுவருக்கு நேரே பிடித்து, ஒரு செங்கல்கூடப் பிசகாமல் பொருத்திப் பார்த்துச் சந்தோசப்பட்டார்கள். அந்த ஜப்பான் சினிமாப் படம் எடுத்த நகரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கென்றே விமானம் ஏறி வந்தார்களாம். நாளைக்குக் கோல்டிங்.

"கோல்டிங்கில் ஒரு வீதி இருக்கிறது" என்றார் அந்த மனிதர். "செத்துப்போனவர் நடந்து போகிற வீதி."

வீட்டுப்பாடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடினேன். நடந்தேன் என்று எழுதலாம்தான். ஆனால் ஓடினேன்.

அவர்கள் படம் பிடிக்க வந்த இலையுதிர்காலம் நினைவிருக்கிறதா? அழைப்பு மணியை விடாமல் அழுத்தியபடியே நீங்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தீர்கள்.

"அக்கா, எனக்குப் படத்தில சான்ஸ்!"

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "எந்தப் படத்தில? எக்ஸ்ரே படத்திலயோ?"

"நக்கலடியாதேங்கோ அக்கா. ஜப்பான் படம். நான் கதாநாயகியின்ர மனுசன்."

துணி ஆலையில் வேலை செய்த ஓர் இலங்கை மனிதன், அவனைக் கட்டிய ஒரு ஜப்பான்காரி. அவன் வேலை செய்த டென்மார்க் ஊருக்கு அவள் வருகிறாள். கதை அவ்வளவுதான் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னாராம். உங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறைக்கே வந்து முகம் தேடியிருக்கிறார்கள். பொதி கட்டும் பகுதியில் நின்ற உங்களைக் கண்டதும் இயக்குநர் தலையாட்டினாராம். "இக்காஸ்டில காஸ்டிங்" என்று ஒரு கிழமை முழுக்க நீங்கள் சொல்லித் திரிந்தீர்கள். பலசரக்குக் கடையில், கோயிலில், பஸ் தரிப்பிடத்தில், ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

"எடியே, கட்டிப்பிடிக்கிற காட்சி வந்தால் என்ன செய்யிறது?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டீர்கள்.

"மாமி கோவிப்பாவோ?"

"எந்த மாமி? எனக்கெங்கயடி மனுசி?"

"அப்ப என்ன பயம்? பழகுங்கோ."

அந்தப் படத்தில் இருப்பது ஒரே ஊர்தான். ஆனால் அதைத் தைத்தது இரண்டு ஊர்த் துணியில். செங்கல்லும் ஆலையும் எங்கள் இக்காஸ்டில் இருந்து. கோட்டையும் கடைவீதியும் தண்ணீரும் கோல்டிங்கில் இருந்து. கதாநாயகி இக்காஸ்டில் கதவைத் திறந்து வெளியே வந்தால் கோல்டிங்கில் கால் வைப்பாள். "அப்பிடி ஒரு கதவு எங்கட வீட்டில இருந்தால் எவ்வளவு பெற்றோல் மிச்சம்" என்றீர்கள் நீங்கள்.

முதல் நாள் உங்களைக் கதிரையில் இருத்தி ஒரு புகைப்படம் எடுத்தார்கள். சுவரொட்டிக்கு என்று நினைத்தீர்கள். ஊரிலும் அப்படியே சொன்னீர்கள்.

படப்பிடிப்பு நாளில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கேதான் வந்தேன். ஆலையின் மேல்மாடியை ஒரு வீடாக மாற்றியிருந்தார்கள். கமராவுக்குப் பின்னால், தலைக்கு எண்ணெய் வைத்து, கோட் போட்டு, கூப்பிட்டால் பாய்வதற்குத் தயாராக நீங்கள் நின்றீர்கள். கதாநாயகி வந்தார். முழந்தாளிட்டார். ஊதுபத்தி கொளுத்தினார். எங்கள் ஊதுபத்தி மாதிரிப் பூ மணக்கவில்லை. ஈர மரம் எரிகிற வாசம். சின்ன மணி ஒன்றைத் தட்டினார். கை கூப்பினார். பிறகு, ஒரு சத்தமும் இல்லாமல் அழத் தொடங்கினார்.

அவர் பார்த்த இடத்தில் ஒரு தட்டு இருந்தது. தட்டில் நீங்கள், கறுப்பு ரிப்பனோடு.

எனக்குச் சிரிப்பு வந்தது, மாமா. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த வருடத்தின் மிகப் பெரிய பகிடி, அதுவும் என் உதவி இல்லாமல். "மாமா, உங்களைப் போட்டுத்தள்ளிட்டினம்" என்று காதுக்குள் சொல்லத் திரும்பினேன். அப்போதுதான் உங்கள் முகத்தைக் கண்டேன். உதடு காய்ந்து, கண் அந்தத் தட்டைவிட்டு அசையாமல் நின்றீர்கள்.

"எடியே" என்றீர்கள் மெதுவாக. "அதில இருக்கிறது நான்தானே?"

"ஓம் மாமா."

"அப்ப இஞ்ச நிக்கிறது ஆர்?"



வேலை முடிந்ததும் கதாநாயகி ஒருவரையும் பார்க்காமல் அழுத கண்ணோடு போய்விட்டார். மற்ற எல்லோரும் உங்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். குனிந்து வணங்கினார்கள். பொருட்களுக்குப் பொறுப்பாக நின்ற, சிவப்புத் தொப்பி போட்ட அந்த அக்கா, படத்தை நீலத் துணியில் சுற்றி இரண்டு கையாலும் உங்களிடம் தந்தார். உயிரோடு இருக்கிறவரின் படம், அவரிடமே இருப்பதுதான் முறை என்றார். பிறகு ஒரு சாப்பாட்டுப் பெட்டி தந்தார். பெட்டியின் மேல் மடித்த வெள்ளைக் காகிதப் பொட்டலம் ஒன்று. அதைக் காட்டி ஏதோ சொன்னார். விளக்குகளைக் கழற்றிப் போடும் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்கும் சேர்த்து "தாங்க்யூ" சொன்னீர்கள்.

காரில் இருந்து பெட்டியைத் திறந்தோம். சோறு, மீன், அவித்த முட்டை. ஒன்றிலும் உப்பில்லை. காகிதப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே உப்பு.

"பாத்தியே, எவ்வளவு யோசிச்சுச் செய்யிற சனம்" என்று முட்டையில் எல்லாவற்றையும் கொட்டினீர்கள். பாதி முட்டை எனக்கு.

வீட்டு வாசலில் அம்மா நீலத் துணியை விலக்கிப் பார்த்தார். பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"ஐயோ, இதை ஏனடா இஞ்ச கொண்டந்தனி?"

"படத்தில நடிச்ச ஞாபகம் அக்கா."

"உயிரோட நிக்கிறவனுக்குக் கறுப்பு ரிப்பனோ? விளக்கும் வைச்சவையோ? பத்தியும் கொளுத்தினவையோ?"

"மணியும் அடிச்சவை" என்றேன் நான். ஒன்றும் விட்டுப்போகக் கூடாதே.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாசல் விளக்கே மங்கியது. படம் என்றால் சினிமாவும் படம், சுவரில் மாட்டுவதும் படம், பாம்பு விரிப்பதும் படம். அன்றைக்கு மூன்றையும் ஒன்றாகக் கண்டதுபோல அம்மா நடுங்கினார். "இது வீட்டுக்குள்ள வராது" என்றார். வரவுமில்லை.

ஆனால் எங்கே வைப்பது? கிழிக்கக் கூடாது. எரித்தால், அம்மாவின் வாயில் அந்தச் சொல்லே வரவில்லை. எறியலாம் என்றேன். "இஞ்ச எறியிறதெண்டாலும் பிரிச்செல்லோ எறிய வேணும். கண்ணாடி ஒரு தொட்டி, மரச்சட்டம் ஒரு தொட்டி, மாமா காகிதத் தொட்டி." நீங்கள் சிரித்தீர்கள். அம்மா சிரிக்கவில்லை. கடைசியில் அது உங்கள் காரிலேயே தங்கியது. டிக்கியில் வைக்க உங்களுக்கு மனமில்லை. பின் இருக்கையில் நிமிர்த்தி வைத்து, சீற் பெல்ட்டும் போட்டுவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொன்றும் அந்தப் பின் இருக்கையில் இருந்தே வந்ததுபோல எனக்குத் தோன்றியது. விடியற்காலை வேலைக்குப் போகும் வழியில் ஒரு மான் உங்கள் காருக்குக் குறுக்கே பாய்ந்தது, மயிரிழையில் தப்பினீர்கள். ஈரச் சருகில் சறுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டீர்கள். ஒருநாள் எங்கள் வீட்டுப் படியில் தலை சுற்றி உட்கார்ந்தீர்கள். இதெல்லாம் டென்மார்க்கில் எல்லோருக்கும் நடப்பதுதான். மானுக்குப் படம் தெரியுமா? சருகுக்கு ஜப்பான் தெரியுமா? இப்படித்தான் எனக்கு நானே பகிடி சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்லப் பயம் கொழுத்தது.

நீங்களும் சிரித்துக்கொண்டுதான் திரிந்தீர்கள். ஆனால் நான் கவனித்தேன். பின் கண்ணாடியைப் பார்க்காமல் கார் ஓட்டப் பழகியிருந்தீர்கள். பிறந்தநாள் வீடுகளில் யாராவது கைபேசியைத் தூக்கினால் தண்ணீர் குடிக்க எழுந்து போனீர்கள். எந்தப் படத்திலும் முதலாவதாக வந்து முன்வரிசையில் நிற்கிற ஆள் நீங்கள்.

ஒருநாள் சூப்பர்மார்க்கெட் தரிப்பிடத்தில் என்னைக் காரில் வைத்துக்கொண்டு, இயந்திரத்தை நிறுத்தினீர்கள். இறங்கவில்லை. மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

"எடி, ஒருத்தருக்கும் சொல்லாத. எனக்குப் பயமா இருக்கு."

பெரிய ஆட்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. களைப்பு என்பார்கள், தலையிடி என்பார்கள், ஒன்றுமில்லை என்பார்கள். நீங்கள் பயத்தைப் பயம் என்றே சொன்னீர்கள். எனக்கு உங்கள் பயத்தைவிட அந்தச் சொல்தான் அதிகம் பயமாக இருந்தது. "Mig også" என்று டேனிஷில் முணுமுணுத்தேன். எனக்கும்தான். தமிழில் சொல்லத் துணிவு வரவில்லை.

"எங்கட தமிழ்ப் படங்களில" என்றீர்கள், "செத்த மாதிரி நடிச்ச ஆளை, காட்சி முடிய எழுப்பி, கமராவைப் பாத்துச் சிரிக்க வைப்பினமாம். ஒரு பேட்டியில பாத்தனான். அப்பதான் தோசம் கழியுமாம். நான் சிரிக்கேல்லையே."

"நீங்கள் படுக்கவே இல்லையே மாமா, பிறகெங்க எழும்புறது?"

"அதுதான் பிரச்சினை. படுத்திருந்தா எழும்பியிருப்பன்."

ஜப்பான்காரர் அப்போது கோல்டிங்குக்குப் போய்விட்டார்கள். அந்தக் கிழமை முடிய நாட்டுக்குத் திரும்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தீர்கள். அதற்குள் போய்ப் பிடிக்க வேண்டும். உங்களை உயிரோடு, சிரித்தபடி, அதே கமராவால் எடுக்கச் சொல்ல வேண்டும். எடுக்காமல் அவர்கள் விமானம் ஏறிவிட்டால், அந்தப் படத்தில் நீங்கள் எப்போதும் செத்த ஆள் மட்டும்தான்.

கோல்டிங்கில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் பொய் சொன்னோம். நாங்கள் காரில் ஏறியபோது அம்மா வாசலில் இருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தார். காகிதத்தில் சுற்றிய ஒன்றை என் கையில் திணித்தார். உப்பும் செத்தல் மிளகாயும்.

"என்னட்டயும் உங்கட பகிடியோ? போய்ச் சொல்லுங்கோ அவையிட்ட, என்ர தம்பி உயிரோட இருக்கிறான் எண்டு."

"இந்த நேரத்திலயும் செத்தல்தானோ அக்கா?" என்றீர்கள். அம்மா உங்கள் தலையில் குட்டினார். குட்டிய கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

அந்தப் பயணத்தில் காரில் மூன்று பேர். ஓட்டுவது மாமா, பக்கத்தில் நான், பின்னால் பெல்ட் போட்ட மாமா. நெடுஞ்சாலையில் லொறிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. ஒவ்வொரு லொறியும் கடக்கும்போது நான் மூச்சை அடக்கினேன். நீங்கள் பாட்டொன்றும் போடவில்லை. வைலை ஊரைத் தாண்டிய பிறகு, "பின்னுக்கு இருக்கிறவர் சரியோ?" என்று கேட்டீர்கள்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்: "ஒண்டும் கதைக்கிறார் இல்லை."

"நல்லது. கதைச்சால் இறக்கி விட்டிடு."

கோட்டைக்குக் கீழே இருந்த கடைவீதியின் ஒரு பக்கத்தைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். சிவப்புத் தொப்பி அக்கா எங்களைத் தூரத்திலேயே கண்டுவிட்டார். ஓடிவந்தார். வணக்கத்துக்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி: "உப்பைப் போட்டீர்களா?"

நீங்கள் மகிழ்ச்சியோடு தலையாட்டினீர்கள். "ஓம், ஓம். எக். வெரி குட்."

அவர் முகம் வெளுத்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விளக்கினார். மரணவீட்டுக்குப் போய் வருகிறவர்கள் வாசலில் தங்கள்மேல் தூவிக்கொள்ளும் உப்பாம் அது. படத்துக்காகத்தான் என்றாலும் உயிரோடு இருப்பவரைச் செத்தவராக வைத்து விளக்கேற்றிவிட்டோமே என்று அவர் தன் பொறுப்பில் மடித்துத் தந்திருக்கிறார். வீட்டுக்குள் நுழையுமுன் தோளில் தூவ வேண்டியதை நாங்கள் முட்டையில் தூவித் தின்றிருக்கிறோம், அதிலும் பாதி நான்.

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கத்திலும் இதற்குப் பயப்படுகிறார்கள் என்றால், அது அம்மாவின் விசர்க்கதை மட்டும் இல்லையே.

அக்கா தன் பைகளைத் துழாவினார். அவரிடம் வேறு உப்பில்லை. அம்மா தந்ததை நீட்டினேன். அவர் பிரித்துப் பார்த்து, மிளகாயைக் காட்டி இது என்ன என்றார்.

"கூடுதல் பலத்துக்கு" என்றேன்.

அவர் தலையாட்டினார். கோல்டிங் கடைவீதியின் நடுவில், உங்கள் இரண்டு தோளிலும் முதுகிலும் அம்மாவின் உப்பைத் தூவினார். மிளகாயையும் விடவில்லை. நாயோடு போன ஒரு டேனிஷ் கிழவர் நின்று, பார்த்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நீங்கள் சிரிப்புக் காட்சியைப் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் சேர்ந்து சொன்னதை அக்கா இயக்குநரிடம் கொண்டுபோனார். அவர் மடிப்புக் கதிரையில் இருந்த வயதான மனிதர். சிரிக்கவில்லை. உங்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு வீதியைப் பார்த்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டி, அங்கிருந்து இங்கே நடந்து வரச் சொன்னார். சாதாரணமாக. கமராவைப் பார்க்காமல்.

"சிரிக்க வேணும்" என்றீர்கள் நீங்கள் தமிழிலேயே.

"கமராவைத் தாண்டிய பிறகு" என்றாராம் அவர்.

கதாநாயகிக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒரு பையோடு கடைக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். நீங்கள் சனங்களுக்கு நடுவே வந்தீர்கள். அவர் திரும்பினார். தான் பத்தி கொளுத்தி, கை கூப்பி அழுத படத்தில் இருந்த முகம், கோட்டும் சேர்ட்டுமாகக் கோல்டிங் வீதியில் நடந்து வருகிறது. அவருடைய பை கீழே விழுந்தது. கத்த வாயைத் திறந்தார்; சத்தம் வரவில்லை. அது நடிப்பல்ல, மாமா. நான் பக்கத்தில் நின்றேன். உங்கள் தோளில் இருந்த பயம் அப்படியே இறங்கி அவரிடம் போனதுபோல இருந்தது.

இயக்குநர் நிறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் அவரைக் கடந்தீர்கள், கமராவைக் கடந்தீர்கள், என்னிடம் வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தீர்கள்.

கதாநாயகி பிறகு உங்கள் கையைப் பிடித்துப் பார்த்தார். சூடாக இருக்கிறது என்று சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

பெல்ட்டைக் கழற்றி, பின் இருக்கையில் இருந்தவரை அக்காவிடமே கொடுத்தோம். அவருடைய ஊரில் ஒரு கோயில் இருக்கிறதாம். வைத்திருக்கவும் எறியவும் முடியாத படங்களை மந்திரம் சொல்லி நெருப்பில் விடுவார்களாம். நெருப்பு என்றதும் நீங்கள் ஒரு கணம் தயங்கினீர்கள். பிறகு நீலத் துணியை நீங்களே முடிந்து கொடுத்தீர்கள். வீடு திரும்பும் வழி முழுக்கப் பாட்டு. "இனி எனக்கு ஒண்டும் நடக்காதடி" என்றீர்கள்.

கோடை வருமுன் நடந்தது. வேலைத்தளத்தில், தேநீர் இடைவேளையில், கதிரையில் இருந்தபடி சாய்ந்தீர்களாம், பிறகு எழும்பவே இல்லை. தலைக்குள் ஓர் இரத்த நரம்பு வெடித்துவிட்டது. வைத்தியர் எங்களைப் பக்கத்தில் இருத்தி அன்பாகத்தான் விளக்கினார். அந்த நரம்பின் மெலிவு நீங்கள் பிறந்ததில் இருந்தே இருந்ததாம். ஒருவராலும் வந்ததில்லை, ஒன்றாலும் வந்ததில்லை. நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் படத்தை எரிச்சவையோ? எப்ப?"

சிவப்புத் தொப்பி அக்காவின் இலக்கம் என் கைபேசியில் இருக்கிறது, மாமா. கேள்வியை எழுதியும் வைத்திருக்கிறேன். ஒரு வரிதான். அனுப்பினால் பதில் வரும். பதிலில் ஒரு நாள் இருக்கும். அந்த நாள் எந்த நாளாக இருந்தாலும் அம்மா அதைத் தூக்கி உங்கள் நாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். நரம்பு பிறந்ததில் இருந்து இருந்தது என்று எனக்குத் தெரியும். உயிரியலில் எனக்கு நல்ல புள்ளி. ஆனால் பயத்துக்கு எந்தப் பாடமும் ஏறுவதில்லை. அதனால் அந்த வரியை இன்னும் அனுப்பவில்லை. யாராவது என்னைப் படம் எடுக்க வந்தால் நாக்கை நீட்டி, கண்ணைச் சொருகிக் கெடுத்துவிடுகிறேன். குறும்பு என்று நினைக்கிறார்கள். சட்டம் போட்டு மாட்டக்கூடிய ஒரு படமும் என்னுடையதாக இருக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

அந்தத் தம்பதியிடம் இருந்து ஓடிவந்த சனிக்கிழமை, அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். அம்மா முந்திக்கொண்டார். வேலையிடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஹேர்னிங்கில அந்தப் படம் ஓடுதாம். டிக்கெட் எடு."

"அம்மா, அதில மாமா..."

"தெரியும். எடு."

இன்று பகல் காட்சிக்குப் போனோம். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். அம்மா குளிர் கோட்டைக் கழற்றாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் இருப்பதுபோல நிமிர்ந்து இருந்தார். நான் ஒரு பகிடி தயாராக வைத்திருந்தேன். உங்கள் படம் வந்ததும் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைக்க வேண்டும். இக்காஸ்ட் வந்தது. ஆலை வந்தது. மணிச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். என் கண் தானாக மூடிக்கொண்டது.

திறக்க முடியவில்லை, மாமா. சும்மா சொல்லவில்லை. இமைகளை ஒட்டியதுபோல இருந்தது. கதாநாயகி கதைக்கும் சத்தம் கேட்டது, ரயில் போகும் சத்தம் கேட்டது. அம்மா பக்கத்தில் உடைந்து போயிருப்பார், அவரைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். கைகூட அசையவில்லை. பிறகு கடற்புறாக்களின் சத்தம். சைக்கிள் மணி. கோல்டிங். வரப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். அது உயிரோடு வருவதுதான் என்றும் தெரியும். அதைத்தான் பார்க்க முடியாமல் இருந்தது. பார்த்தால், கமராவைத் தாண்டிய பிறகு நீங்கள் எங்கே போனீர்கள் என்பதையும் பார்க்க வேண்டுமே.

அம்மாவின் விரல் என் முழங்கையில் குத்தியது.

"எடியே, கண்ணை மூடிக்கொண்டோ இருக்கிறாய்? திற. மாமா வாறான்."

அழுகிற குரல் இல்லை. பஸ் வருகிறது என்று சொல்கிற குரல்.

திறந்தேன். பிந்திவிட்டேன். கமரா கதாநாயகியோடு சேர்ந்து உங்கள் பின்னால் திரும்பியிருந்தது. எனக்குக் கிடைத்தது உங்கள் முதுகு. தோளை உயர்த்தி, இரண்டு கையையும் வீசி, சனத்துக்குள் போய்க்கொண்டிருந்தீர்கள்.

"பார், பார்" என்றார் அம்மா. "நடக்கச் சொன்னா நீந்திக்கொண்டு போறான், விசரன்." திரை முழுக்க அந்தப் பெண்ணின் பயந்த முகம். தியேட்டரில் எல்லோரும் மூச்சுவிடாமல் இருந்தார்கள். அம்மா மட்டும் சிரித்தார். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அம்மா அவரையும் பார்த்துச் சிரித்தார்.

அம்மா உங்களை முழுதாகப் பார்த்துவிட்டார், முன்னால் வரும்போதே. நான் இன்னும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை கடைசிக் காட்சி. ஒரு டிக்கெட் எடுத்திருந்தேன். வரும் வழியில் காரில் அம்மா கேட்டார்: "தனியப் போவியோ?" வழக்கம்போல டேனிஷில் ஏதாவது பகிடி சொல்லிச் சமாளிக்க வாய் வந்தது. நீங்கள் மழைக்குள் காரை நிறுத்திவிட்டுச் சொன்ன அதே மூன்று சொல்லைத் தேடி எடுத்து, தமிழிலேயே சொன்னேன்.

"இல்லை அம்மா. எனக்குப் பயமா இருக்கு."

அடுத்த சிவப்பு விளக்கில் கார் நின்றபோது, அம்மா என் கைபேசியை எடுத்துத் தந்து, இன்னொரு டிக்கெட் எடு என்றார்.